கனம் குறைந்த லென்ஸ்

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனா ஓடமாட்டேன் என்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. கேமரா கடையில் வேலை பார்க்கிறவன், கொஞ்சம் நல்ல வெளிச்சத்தில் நின்றாவது எடுத்து அனுப்பக் கூடாதா?

போனில் பேசாமல் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் என்று நினைப்பாய். இந்த இரண்டு அறை வீட்டில் நான் போனை எடுத்தாலே உன் மாமா, ‘யாரு, மச்சானா? ஸ்பீக்கர்ல போடு’ என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இது அவர் காதில் விழக் கூடாத விஷயம். முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

விஷயம் அந்த ஜூம் லென்ஸ்தான். எது தேவலை என்று மச்சானைக் கேள் என்று அவர் சொல்லி நான் உன்னைக் கேட்டேன். நீயும் பொறுப்பாக மூன்றைப் பற்றி எழுதியிருந்தாய். கேமரா கம்பெனியே போடுகிற லென்ஸ் நம் வீட்டுப் படி ஏறாது, அதை விட்டுவிடுவோம். நம் கேமராவுக்குப் பொருந்துகிற மாதிரி வேறு கம்பெனிக்காரர்கள் செய்கிற இரண்டில் ஒன்று கைநடுக்கத்தைத் தாங்கும், ஆனால் கனம். இன்னொன்றில் அந்த வசதி கிடையாது, விலையும் கனமும் குறைவு. நல்ல வெயிலில் ஓடுகிற பிள்ளைகளை எடுக்க அந்தக் குறைந்ததே போதும், மாமாவின் கை கல்லு மாதிரி நிற்கிற கை, அவருக்கு எதற்கு வீண்செலவு என்று முடித்திருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு நான் அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டேன்.

தம்பி, உன் மாமாவுக்குக் கை நடுங்குகிறது.

முதலில் வலது கைக் கட்டைவிரல் மட்டும் ஆடியது. இப்போது மணிக்கட்டு வரை வந்துவிட்டது. சட்டைப் பொத்தானைப் போட அரைமணி நேரம் ஆகிறது, நான் உதவிக்குப் போனால் எரிந்து விழுகிறார். டம்ளரில் பாதிக்கு மேல் டீ ஊற்றினால் சட்டையில்தான். ஸ்டுடியோவாக வைத்திருக்கிற முன்னறையில் எடுக்கிற பாஸ்போர்ட் போட்டோவுக்கெல்லாம் கேமரா ஸ்டாண்டில் நிற்கிறது, அதனால் அது எப்படியோ ஓடுகிறது. மைதானத்தில்தான் மாட்டிக்கொள்கிறார். போன வருடம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓட்டத்தில் முதலில் வந்து கயிற்றைத் தொட்ட பெண்ணுக்குப் படத்தில் முகமே இல்லை, பஞ்சு உருட்டி வைத்த மாதிரி இருந்தது. விளையாட்டு வாத்தியார் நல்ல மனுஷன், இந்தத் தடவையும் இவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் ‘இந்த வாட்டி கொஞ்சம் பாத்து எடுங்க சார்’ என்று சொல்லிவிட்டுப் போனார். உன் மாமாவைப் பார்த்து ஒருத்தர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

லென்ஸ் போயிடுச்சு, லென்ஸ் போயிடுச்சு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். மைதானத்துக்கும் ஸ்டாண்டைக் கொண்டுபோங்களேன் என்றேன். ‘அதை நட்டு வச்சுட்டு நின்னா, ஓடுற புள்ள நமக்காக நின்னு ஓடுமா?’ என்றார். அவர் குளிக்கப் போன நேரத்தில் அந்தப் பழைய லென்ஸை மாட்டி எதிர்மாடித் துணிக்கொடியை ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். துணி கிளிப்பின் கம்பிகூடத் தெரிந்தது. லென்ஸில் ஒரு கோளாறும் இல்லை. படத்தை அழித்துவிட்டு, இருந்தபடியே வைத்துவிட்டேன்.

என் முட்டிக்குக் காட்ட வேண்டும், துணைக்கு வாருங்கள் என்று டாக்டரிடம் கூட்டிப்போகப் பார்த்தேன். ஆட்டோ பிடித்துப் போய்விட்டு வா என்று சொல்லிவிட்டார். சாமர்த்தியத்தில் என்னை மிஞ்சிவிடுவார்.

அதனால் நீ எனக்காக ஒரு காரியம் செய். அவருக்கே நேராக ஒரு கடிதம் போடு. நாள்பட்ட லென்ஸ் தேய்ந்துபோகும், படம் கலங்குவது அதனால்தான், அந்த நடுக்கம் தாங்குகிற லென்ஸையே வாங்குங்கள் என்று எழுது. நான் சொன்னேன் என்று மூச்சு விடாதே. அவராக வாய் திறந்து சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்? இந்த ஒரு விழாவையாவது அவர் தலைநிமிர்ந்து எடுத்துவிடட்டும்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். மாமாவுக்கு நீ போட்ட கடிதம் போன வாரமே வந்தது. நான் சொன்னதைத் தட்டாமல் எழுதிவிட்டாய். அது போதும். அதனால் என்ன நடந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நீயும் வா என்று என்னையும் கடைக்குக் கூட்டிப்போனார். கவுன்டரில் இருந்த பெண் இரண்டு லென்ஸையும் எடுத்து வைத்தாள். முதலில் கனமானதை மாட்டினார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தையல்கடை, அதன் போர்டை எடுத்தார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். அதிலும் எழுத்து கலங்கித்தான் இருந்தது. தம்பி, அந்த வசதி சாதாரணக் கைக்குத்தான் போலிருக்கிறது. அந்தப் பெண், ‘சார், கைய கொஞ்சம்...’ என்று ஆரம்பித்தாள். நான் கவுன்டருக்கு அடியில் அவள் காலை மிதிக்கத் தேடினேன், எட்டவில்லை. முறைத்தேன். பாவம், வாயை மூடிக்கொண்டாள்.

‘இந்தா, நீ எடு’ என்று என் கையில் கொடுத்தார். இதில் ஒன்று, அதில் ஒன்று என்று இரண்டிலும் எடுக்கச் சொன்னார். இரண்டிலும் போர்டில் இருந்த போன் நம்பர்கூடத் தெளிவாக வந்துவிட்டது. வேண்டுமென்றே ஆட்டியிருக்கலாம், எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எது கனமாக இருக்கிறது என்று கேட்டார். ரெண்டும் ஒண்ணுதான் என்று வாய்கூசாமல் சொன்னேன்.

அவர் அந்தப் பெண்ணிடம் கனம் குறைந்ததைக் கட்டச் சொன்னார். தம்பி அதை வாங்கச் சொல்லவில்லையே, நடுக்கம் தாங்குவதைத்தானே எழுதியிருக்கிறான் என்று கத்தாத குறையாகச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: ‘தூக்கப்போறது நீதானே. உன் கைதான் ஆடலையே, உனக்கு எதுக்கு அது?’

அவள் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். முதல்முறையாக என் எதிரில் மறைக்காமல் குடித்தார். அப்புறம் உன் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். ‘லென்ஸ் தேயுமாமே! கண்ணாடி என்ன, செருப்பா தேயறதுக்கு? கேமரா கடையில நிக்கிறவன் இப்படி எழுதுவானா? நீ சொல்லிக் குடுத்திருக்கே’ என்றார். இருந்திருந்து ஒரு பொய் சொன்னோம், அதையும் உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை பார் நம் இருவருக்கும்.

அவர் டாக்டரிடம் எப்போதோ தனியாகப் போய்விட்டு வந்திருக்கிறார். நோய்க்குப் பெயரெல்லாம் சொல்லிவிட்டார்களாம். மாத்திரையால் கொஞ்சம் அடங்கும், ஆனால் போகாது, போகப்போகக் கூடத்தான் செய்யும் என்றார்களாம். மாத்திரையை ஃப்ளாஷ் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். நீ பயந்துடுவேன்னு சொல்லலை என்கிறார். அவரிடமிருந்து நானும், என்னிடமிருந்து அவரும், ஒரே கூரைக்கடியில் ஒரே விஷயத்தை ஒளித்துக்கொண்டு திரிந்திருக்கிறோம். அந்த டீக்கடையில் வைத்தே அழுதேன். சுற்றி ஆள் இருந்தது. இருக்கட்டுமே.

நேற்று விளையாட்டு விழா. கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கே நிற்க வேண்டும், வெயில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று காட்டினார். நான் சொல்றப்ப அமுக்கு, நீயா எதுவும் யோசிக்காதே என்றார். கல்யாணமான நாளிலிருந்து சொல்கிற அதே வசனம்தான். பிள்ளைகள் ஓட ஆரம்பித்ததும் என் பின்னால் நின்று தோளில் கை வைத்தார். எடுக்கிற நேரம் வரும்போது தோளில் ஒரு அழுத்து அழுத்திச் சொல்லலாம் என்று நினைத்திருப்பார். கை என் தோளில் படபடவென்று அடித்தது. லென்ஸில் பார்த்தால் மைதானமே ஆடுகிறது. அவருக்கே தெரிந்துவிட்டது. சட்டென்று கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பரவாயில்லை, வையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ‘இப்போ’ என்றார், எடுத்துவிட்டேன்.

எல்லாப் படமும் நன்றாக வந்திருக்கிறது. ஜெயித்த பையனின் நெற்றி வியர்வைகூடத் தெரிகிறது. இன்று காலை வாத்தியார் வீட்டுக்கு வந்து பார்த்தார். நேற்றெல்லாம் அவர் ஓட்டம் தொடங்குகிற முனையிலேயே நின்றார், அதனால் இவர்தான் எடுத்தார் என்று அவருக்கு நினைப்பு. ‘உங்க கை யாருக்கு சார் வரும்’ என்று சொல்லிக் கை குலுக்க நீட்டினார். உன் மாமா கையைக் கொடுக்கவில்லை. கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

இனி பள்ளிக்கூட வேலை எனக்கு, முன்னறை அவருக்கு என்று பேசி முடித்திருக்கிறோம். வீடு ஓடிவிடும், நீ கவலைப்படாதே. ஆனால் லென்ஸைப் பற்றி இனிமேல் அவருக்கு ஒன்றும் எழுதாதே. வேறு எதையாவது எழுது, உன் முதலாளியைத் திட்டி எழுது, சிரிப்பார்.

லீவு கிடைத்தால் வா, தம்பி. கிடைக்காவிட்டாலும் எப்படியாவது கேட்டு வாங்கிக்கொண்டு வா. பஸ்ஸிலிருந்து இறங்கினதும் அவர் உனக்குக் கை கொடுக்க மாட்டார், பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நீயாகப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள். ஆடினால் ஆடட்டும். சீக்கிரம் விட்டுவிடாதே.

நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், தம்பி.

உன் அக்கா