நாயம் இல்லை என்று எழுதியிருந்தாய்

தம்பி,

இன்று காலை தகரப் பெட்டியைக் காலி செய்து வெயிலில் வைத்தேன். புடவைகளுக்கெல்லாம் அடியில் நீ விட்டுப்போன உலகப் படம் கிடந்தது. காய்ந்த வேப்பிலை வாடையும் பழைய காகித வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. அந்தப் படத்தை முகம் தெரியாதபடி கவிழ்த்துத்தான் நான் விரித்திருந்தேன். திருப்பிப் பார்த்தால், நீ சிவப்பு மையில் வட்டம் போட்ட சிங்கப்பூர் இருந்த இடத்தில் ஓட்டை. பூச்சி அரிக்கவில்லை. பூச்சியாக இருந்தால் இன்னும் நாலு இடத்தில் அரித்திருக்கும். புடவை எடுக்கும்போதெல்லாம் பின்பக்கமாகவே விரலால் தடவித் தடவி நான்தான் ஓட்டையாக்கியிருக்கிறேன்.

நான் படித்தது மூணாங்கிளாஸ். அச்சு எழுத்துப்போலத் தனித்தனியாகத்தான் எழுத வரும். பிழை இருந்தால் திருத்துவதற்கு நீயும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கிணற்றைப் பற்றி உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், நான் எதையும் மறக்கவில்லை என்று நீ தெரிந்துகொள்ள. பெரியப்பாவுக்கு ஒரு பங்கு, அப்பாவுக்கு ஒரு பங்கு, தெற்குக் காட்டுக்காரருக்கு ஒரு பங்கு. நாள் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பது வழக்கம். மழை பொய்த்த அந்த வருஷம் நம் முறை நாளில் பெரியப்பா தன் எருதுகளைப் பூட்டி இறைத்துக்கொண்டார். அப்பா ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி நாயம் கேட்டார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசினார்கள். முடிவு பெரியப்பா பக்கம் போயிற்று. அம்மா அழுதாள். நான் பெரியப்பா வீட்டுப் பக்கம் பார்த்து மண்ணை வாரித் தூற்றினேன். பத்து வயது உனக்கு. நீ அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

“அக்கா, பெரியப்பனூட்டுல நாலு ஆம்பளைங்க. நம்மூட்டுல அப்பன் ஒருத்தரு. அவங்க என்ன நாயமா பேசுனாங்க? எண்ணிப் பாத்தாங்க, அவ்வளவுதான்.”

அப்புறம் அப்பாவிடம் போய் நின்றாய். “அப்பா, தெக்காலக் காட்டுக்காரருக்கு எருது இல்லீங். ரெண்டு நாளைக்கு நம்ம எருதக் குடுங்க. அவரு பசங்க மூணு பேரு.” அப்பா சிரித்தார். ஆனால் கொடுத்தார். அடுத்த முறை நாளில் அந்த மூன்று பையன்களும் அப்பாவோடு கிணற்று மேட்டில் வந்து நின்றார்கள். பெரியப்பா வீட்டு ஆட்கள் எருதுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். எண்ணிப் பார்த்தார்கள். திரும்பிப் போய்விட்டார்கள்.

எனக்கு அதில் இருந்த பெருமையெல்லாம் அந்தப் பொங்கலோடு போயிற்று. நீ பெரியப்பா வீட்டுக்கே போய்க் கச்சாயம் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாய்.

“வெக்கமா இல்லியாடா உனக்கு?”

“கோவத்த வெச்சுக்கிட்டு என்னக்கா பண்றது? கெணறு அங்கயேதான இருக்குது.”

உனக்குக் கோபம் நிற்காது. எனக்கு நிற்கும். ஒரு வயிற்றில் பிறந்து எப்படி அப்படி ஆனோம் என்று தெரியவில்லை.

சேலத்தில் படித்தாய், பட்டணத்தில் படித்தாய், கப்பலேறிச் சீமைக்கும் போனாய். என் வீட்டுக்காரர் பாம்பு கடித்துப் போனதும் பையனையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நான் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டேன். உன் பங்குக் காட்டையும் சேர்த்து நான் பார்த்துக்கொண்டேன். நீ திரும்பி வந்தபோது, அங்கே என்னடா படித்தாய் என்று கேட்டேன். ஒரு நாடு இன்னொரு நாட்டோடு எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் படித்தேன் என்றாய்.

“அதுக்கு எதுக்குடா கப்பலு? நம்ம கெணத்து மேட்டுல உக்காந்திருந்தா ஆகாதா?”

“அதத்தான்க்கா அங்க எழுதிக் குடுத்துட்டு வந்தேன்,” என்று சொல்லிச் சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

பட்டணத்துக் காலேஜில் உனக்கு வேலை கிடைத்தது. நாடுகளெல்லாம் கூடி ஒரு சபை வைத்திருக்கின்றன, இனிமேல் சண்டையே வராது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். நீ மட்டும் வகுப்பில், அந்தச் சபையும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மாதிரிதான், பகலெல்லாம் பேசுவார்கள், பொழுது சாயும்போது எண்ணிப் பார்ப்பார்கள் என்று சொன்னாயாம். அதைப் புத்தகமாகவும் இங்கிலீஷில் போட்டாய். வெள்ளைக்காரனைத் திட்டுகிற பத்திரிகை உன்னை வெள்ளைக்காரன் ஆள் என்று எழுதிற்று. வெள்ளைக்காரன் பத்திரிகை உன்னை நன்றி கெட்டவன் என்று எழுதிற்று. உனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர் உனக்கு மேலே போய் உட்கார்ந்தார். அவர் பேர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உனக்காக இங்கே எழுதாமல் விடுகிறேன். நான் கொதித்தபோது நீ சொன்னாய்: “இருக்கறதச் சொல்றது என் வேலைக்கா. ஆகோணும்னு நெனைக்கறதச் சொல்றதுக்கு நெறையப் பேரு இருக்கறாங்க.”

நீ சொன்னபடியே சண்டை வந்தது. பெரியப்பா பேரன் பட்டாளத்தில் சேர்ந்தான். லீவில் வந்தபோது பூட்ஸ் காலோடு கிணற்று மேட்டில் ஏறி நின்றான். அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. என் பையனுக்கும் பட்டாள ஆசை வந்தது. இல்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆசை எனக்குத்தான் முதலில் வந்தது.

நீ லீவுக்கு வந்து அவனை உட்கார வைத்துச் சொன்னாய். “வேண்டாம் மாப்பள. அது வெள்ளக்காரங்க கெணறு. தண்ணியும் அவங்களுது. நாம என்னத்துக்குப் போய் அதுல உழோணும்?”

நான் குறுக்கே விழுந்தேன். “அந்தூட்டுப் பையன் போலாம், எம்பட பையன் போகக் கூடாதா? உனக்கென்னடா பொறாமை?”

நீ என்னைப் பார்த்தாய். ஒரு வாரம் கழித்து என் பையன் நெற்றியில் திருநீறு வைத்து அனுப்பினேன். “போய்ட்டு வாரனுங்கம்மா,” என்றான். “போய்ட்டு வா சாமி,” என்றேன். சிங்கப்பூரில் இருக்கிறேன் என்று இரண்டு கார்டு வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

அந்தத் தை மாதம் நீ இந்தப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாய். வீடு நிறைய உறவுக்காரர்கள். வந்தவர்கள் எல்லோரும், வெள்ளைக்காரன் கோட்டை அது, விழவே விழாது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ படத்தை விரித்து, சிங்கப்பூரைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினாய். நான் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“நீ படிச்சவன். உழுகாதுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடு தம்பி. போதும்.”

“உழுந்துருங்க்கா. அவங்க மொதல்ல அவங்க ஆளுகளத்தான் கப்பலேத்துவாங்க.”

ஒரு பொய் கேட்டேன், அதைக்கூடக் கொடுக்கவில்லை. இனி இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காதே என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். இலையில் போட்ட சோறு அப்படியே இருக்க எழுந்து போனாய். அடுத்த மாதமே சிங்கப்பூர் விழுந்தது. நீ சொன்னதனாலேயே விழுந்தது போல எனக்கு இருந்தது.

சண்டையெல்லாம் முடிந்த பிறகு உன்னிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உன் எழுத்து ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு ஓடும், எனக்குப் பிடிபடாது. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் எடுத்துப் போனேன். நல்ல மனுஷர், தஞ்சாவூர்ப் பக்கம். படித்தார். பெரியப்பா பேரன் கப்பலில் வந்து இறங்கினான், நம் பையன் இனி வரமாட்டான், கூட இருந்தவன் இவன்தான், எல்லாம் இவனைக் கேள் என்று இருந்தது. கடைசி வரியில் கொஞ்சம் தயங்கினார். மறுபடி படிக்கச் சொன்னேன்.

“‘உன்னிடம் பேச எனக்கு நியாயம் இல்லை’ன்னு எழுதியிருக்கார். அதாவது, உங்களோட பேசறதுக்குக் காரணம் ஒண்ணும் இல்லேங்கறார்.”

என் பையன் போய்விட்டான். நீ சொன்னது பலித்துவிட்டது. அதற்கு மேல் என்னோடு பேசக்கூட உனக்குக் காரணம் இல்லை. யார் வீட்டு வாசலில் நான் போய் நிற்கக் கூடாதோ அந்த வீட்டுக்கே போய்க் கேட்கச் சொல்கிறாய். கடிதத்தை மடித்துப் படத்துக்கு அடியில் வைத்தேன். பதில் போடவில்லை. அந்த வீட்டுக்கும் போகவில்லை. நாலு வருஷம். நீ மார்வலி வந்து போனாய் என்று தந்தி வந்தபோதும் பஸ்ஸேறி ரயிலேறி நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உன் காரியத்தன்று உன் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “வந்த கப்பலுக்கெல்லாம் போனாருங்க அண்ணி. யாரும் வரமாட்டாங்கன்னு ஊட்ல சொல்லுவாரு, ஆனா குடையத் தூக்கிட்டுத் துறைமுகத்துக்குப் போயிடுவாரு. எதுக்குன்னு கேட்டா, ‘எண்ணிப் பாக்கப் போறேன்’னு சொல்லுவாரு.” அப்புறம் ஒரு நோட்டை என் மடியில் வைத்தாள். தமிழில் நீ எழுத ஆரம்பித்து முடிக்காமல் விட்ட புத்தகம். இங்கிலீஷ் படிக்காதவர்களுக்காக எழுதுகிறேன் என்றாயாம்.

ஊருக்குக் கொண்டுவந்து தினம் ஒரு பக்கமாக வைத்துப் பார்த்தேன். உன் எழுத்து பிடிபட இரண்டு மாதம் ஆயிற்று. முதல் பக்கத்து முதல் வரி இதுதான்: ‘எங்கள் ஊரில் பேச்சுக்கும் நியாயத்துக்கும் ஒரே சொல். நாயம்.’

எழுந்து பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்து வாசல் வெளிச்சத்துக்கு வந்தேன். கடைசி வரியில் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். நா. ய. ம். உன்னிடம் பேச எனக்கு நாயம் இல்லை. வாத்தியார் உன் எழுத்தைப் பிழை என்று நினைத்துத் திருத்திப் படித்திருக்கிறார். சீமைக்குப் போய்வந்தவன் அக்காவுக்கு எழுதும்போது வீட்டுப் பேச்சில் எழுதுவான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேசுவதற்கு உனக்கு வார்த்தை இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தாய். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மேல் இருக்கிறது. அது நிற்கும்.

மறுநாள் பெரியப்பா பேரனின் முறை. கிணற்று மேட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எருதுகளை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். காலில் பூட்ஸ் இல்லை. ஒரு கால் லேசாக இழுக்கிறது. அதைக்கூட நான் அதுவரை பார்த்ததில்லை.

“நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னு நாலு வருசமாப் பாத்துட்டு இருக்கறனுங் அத்த,” என்றான்.

“சொல்லு சாமி,” என்றேன்.

ஏதோ ஒரு தீவு. சிறைபிடித்தவர்கள் கொண்டுபோய் மண் வெட்டச் சொன்னார்களாம். காய்ச்சல். இரண்டு பேருக்கு ஒரு குவளை தண்ணீர். “ஒரு நாளைக்கு அவன் மொதல்ல குடிப்பான், ஒரு நாளைக்கு நானுங். நம்ம கெணத்து மொற மாதிரி வெச்சுக்கிட்டோம். ‘உங்க தாத்தனாட்ட என்ற மொறயில கைய வெச்சராதடா மச்சான்’னு சொல்லிச் சிரிப்பானுங்.” கையிலிருந்த சாட்டையைத் தரையில் வைத்தான். “கடசி நாளு அவன் மொறைங். குவளைய எம்பக்கம் தள்ளி, நீயே எடுத்துக்கன்னுட்டான். எடுத்துக்கிட்டனுங் அத்த. குடிச்சுப்போட்டேன்.”

அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். பெரியப்பா மேல் எனக்கு இருந்தது அப்படியே இருக்கிறது. அதை விடமாட்டேன், நீ சிரித்தாலும் சரி. இவன் மேல் ஒன்றும் இல்லை.

உன் நோட்டில் நீ கடைசியாக எழுதி நிறுத்திய வரியும் இப்போது எனக்குப் படிக்க வருகிறது. ‘தன் முறையைத் தானாக விட்டுக்கொடுத்த நாடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை’ என்று இருக்கிறது. நீ சொன்னது எதுவும் பொய்யானதில்லை. இதுவும் பொய்யாக இருக்காது. நாடு வேறு, நம் பையன் வேறு என்பாய். இருக்கட்டும். அந்த வரிக்குக் கீழே இடம் வெறுமையாகக் கிடந்தது. இன்று படத்தை வெயிலில் காயவைத்துவிட்டு, பேத்தியின் பென்சிலை வாங்கி, அச்சு எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன். கொஞ்சம் கோணல்தான்.

என் மகன் கொடுத்தான்.