செல்வினைக் கடைசியில் போட்ட மகனுக்கு

மாதா துணை

திரேஸ்புரம்,
தூத்துக்குடி.

அன்பு மகன் அனிஷுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு நான் சுகமாகத்தான் இருக்கிறேன், பிரஷர் மட்டும் ஏறிக் கிடக்கிறது, அதற்குக் காரணம் நீ. அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாக இருப்பாய், சுகமாக இருக்கத்தானே இவ்வளவும் செய்கிறாய். போனில் நான் ஒரு பேச்சை எடுத்து முடிப்பதற்குள் மீட்டிங்மா என்று வைத்துவிடுகிறாய், வாட்சப்பில் அனுப்பினால் நீலக்கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கினவன் வரவில்லை என்று சொல்ல முடியாது. அப்பா தோணியில் மாலத்தீவுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் முன் அறையை முடித்துவிட்டு மழை என்று போனார்கள், போனவர்கள்தான். நாலு நாளாகப் படகும் போகவில்லை, நல்ல மீன் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. ஊர்ச் செய்தி இவ்வளவுதான், இனி உன் செய்திக்கு வருகிறேன்.

முதல் பத்திரிகை ஞானத்தகப்பன் வீட்டுக்குத்தான் போக வேண்டும், நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் என்று போன வாரம் தேன் ஒழுகச் சொன்னாய். நானும் புதுச்சேலை உடுத்தி, தட்டில் பழமும் பூவும் வைத்துத் தேவபிரசாதம் கும்பாதிரி வீட்டுக்குப் போனேன். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது உன்னைக் கையில் ஏந்தி எனக்குக் கும்பாதிரி ஆனவர், அப்பா கடலில் இருந்த மாதங்களில் எல்லாம் உன்னைத் தன் பிள்ளையோடு பிள்ளையாகப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். உள்ளே போனால் அந்தப் பிள்ளை செல்வின் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். உன் கம்பெனியில் உனக்குக் கீழே வேலை பார்க்கிறவன் ஊருக்கு வந்தது எனக்குத் தெரியாது. நான் ஒரு மடச்சி, சிரித்துக்கொண்டே, என்னலே, உனக்கு மட்டும் எப்படி லீவு கெடச்சு, எங்க அனிஷ் லீவே இல்லன்னுல்லா சொல்லுதான் என்று கேட்டேன். காப்பி போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போன அவர் வீட்டுக்காரி அல்போன்சா கும்மாதிரி வெகுநேரம் வெளியே வரவில்லை. கும்பாதிரி பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவன் நல்லா இருக்கட்டும் கும்மாதிரி என்று மட்டும் என்னிடம் சொன்னார். தெருமுனை வரை என்னைக் கொண்டுவிட வந்த செல்வினைப் பிடித்து உலுக்கித்தான் விஷயத்தை வாங்கினேன். அப்போதும் அவன், விடுங்க சித்தி, அவனுக்கும் வேற வழி இல்லாம இருந்திருக்கும் என்கிறான்.

இத்தனை வருஷமாக உன் கம்பெனியைப் பற்றி நீ சொன்னதெல்லாம் ஓசிச் சாப்பாடு, பந்து விளையாட அறை, வேலைக்கு நாயைக் கூட்டி வரலாம், எல்லாரும் ஒரு குடும்பம். நல்ல குடும்பம்தான். வருஷத்துக்கு ஒருமுறை மேனேஜர்கள் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து தங்களுக்குக் கீழே இருக்கிறவர்களை வரிசைப்படுத்துவீர்களாம், எல்லாரும் ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் ஒருத்தன் பெயர் கடைசியில் நின்றே ஆக வேண்டுமாம். நின்றவனுக்குத் திருந்து என்று ஒரு கெடு, கெடு முடிந்தால் வாசல், வேலை போனால் விசாவும் போய்விடுமாம். இந்த வருஷம் நீ கடைசியில் போட்ட பெயர் செல்வின். செல்வின் அப்படி என்ன செய்யாமல் விட்டான் என்று கேட்டேன். பழைய சாப்ட்வேர் ஒன்று, எழுதினவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், நினைத்தால் படுத்துக்கொள்ளுமாம், படுத்தால் ஜனங்கள் கட்டின பணம் போய்ச் சேராமல் நிற்குமாம். அதை ஒருத்தனும் தொட மாட்டேன் என்றபோது, நம்ம பய நீதானல, நீ பாத்துக்கோ, நான் புதுசச் செய்யுதேன் என்று அவன் தலையில் கட்டினது நீ. அவன் தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு, அது அலறும்போதெல்லாம் எழும்பி எழும்பி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழுது பார்த்து, கடைசியில் அது விழாமலே ஓடும்படி செய்துவிட்டான். விழாததால் அப்படி ஒன்று இருப்பதே மேலே இருக்கிறவர்களுக்கு மறந்துபோனது. நீ செய்த புதுசுக்குக் கைதட்டிப் பதவி கொடுத்தார்கள். இந்த வருஷம் இவன் புதிதாக எதுவும் செய்யவில்லை என்று அவன் பெயருக்கு நேரே எழுதினதும் நீதான்.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் காதில் நிற்கிறது. வேற யாரப் போட்டாலும் ஊர்க்காரனக் காப்பாத்துதான்னு சொல்லுவாங்கம்மா, செல்வின்னா புரிஞ்சுக்கிடுவான், அவங்க நம்ம ஆளுக, கோவிக்க மாட்டாங்க என்றாய். கோபிக்க மாட்டார்கள் என்று தெரிந்த வீட்டில்தான் கை வைப்பாயோ. அந்த அறையில் இவன் என்ன செய்தான் என்று நாலு வரி எடுத்துச் சொல்ல உனக்கு வாய் இல்லை, உன் பெருமையைச் சொல்ல மட்டும் இங்கிலீஷ் கொட்டுகிறது. அதையும் பொறுப்பேன். ஒன்றும் சொல்லாமல் பத்திரிகையைக் கொடுக்கச் சொல்லி என்னை அந்த வீட்டுக்கு அனுப்பினாயே, அம்மா போய்ச் சிரித்தால் வாங்கிக்கொள்வார்கள், தான் போய் நிற்க வேண்டாம் என்று கணக்குப் போட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. உன்னைப் பெற்றவள் என்று சொல்ல இந்த வாரம் முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உனக்கும் ஜெர்லினுக்கும் முதல் ஓலை வாசிப்பதாக இருந்தது. இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அதில் வாசிப்பார்கள், மாப்பிள்ளையைப் பெற்றவள் போய்ச் சொன்னதாக நான் கேட்டதில்லை. நான் பங்குச் சாமியாரிடம் போனேன். அவன் ஞானத்தகப்பன் வீட்டு வாசலை மிதிக்கும் வரைக்கும் ஓலையை நிறுத்தி வையுங்கள் சாமி என்றேன். இது தடைக் கணக்கில் வராதேம்மா என்று அவர் தலையைச் சொறிந்தார், எனக்கு வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். செல்வினுக்கு வேறு கம்பெனியில் சொல்லி வைக்கிறேன், ஏதாவது வாங்கி அனுப்புகிறேன் என்று அங்கிருந்தே சரிக்கட்டப் பார்க்காதே. வா. வந்ததும் நம் வீட்டுக்கு வராதே, அங்கே போய் நடந்ததை உன் வாயால் சொல்லு. அவர்கள் விரட்டினால் வாசலில் நில், விரட்ட மாட்டார்கள், அதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். பெரியதாழைக்குப் போய் ஜெர்லினிடமும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், என்னோடு சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, கல்யாணம் ஆனா நானும் அவங்களுக்கு நம்ம ஆளுதான அத்தை, அப்ப என்னையும் கடைசியிலதான் போடுவாங்களா என்று கேட்டாள்.

உன்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் ஜெபத்தில் உன் பெயர்தான் முதலில் வருகிறது, என்ன செய்ய. பனிமய மாதா உன்னைக் காப்பாற்றட்டும், கூடவே கொஞ்சம் வெட்கத்தையும் கொடுக்கட்டும். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. டிக்கெட் போட்டால் மட்டும் போன் பண்ணு, வேறு எதற்கும் நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பிலோமினா