நீ சாவி கொடுத்தது அவளுக்கு

காலை பதினொரு மணி. வெயில் பாதிக் கூடத்துக்கு வந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் உன் விளக்கை மேசையில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பலகை போல இருக்கிறது, கண் கூசுகிறது. பினாங்கில் இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஸ்காட்லாந்திலிருந்து உன் அஸ்தியோடு இதையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள் எல்சா, உன் பக்கத்து வீட்டுக்காரி.

அவளை எனக்குப் பிடிக்கவில்லை. உன்னிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாயான் பாரு ஃபேக்டரியில் ஒரே வரிசையில் நின்று வேலை பார்த்தவர்கள் நாம். நீ நர்ஸ் படித்து ஸ்காட்லாந்து போனபோதே எனக்குப் பொறாமைதான். பனியில் சிவப்புக் கோட்டோடு நீ நிற்கும் படத்தை, பஸ்ஸில் வேர்த்து ஒழுகிக்கொண்டே பார்ப்பேன். நவம்பர் வந்தால் உன் போன் நின்றுவிடும். ஏப்ரலில் சிரித்துக்கொண்டே மறுபடி கூப்பிடுவாய். புதுக் கூட்டாளிகள் கிடைத்துவிட்டார்கள் என்று குமைந்துகொண்டிருப்பேன்.

ஒரு ஜனவரியில் சொல்லாமல் வந்து நின்றாய். பாடாங் கோத்தா கடற்கரைச் சுவரில், உச்சி வெயிலுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்தாய்.

"கறுத்துப் போயிருவ லா. வா, நிழலுக்குப் போவோம்."

"இன்னும் கொஞ்ச நேரம்டி. அங்க இது கிடைக்காது."

உன் கண்ணோரம் ஈரமாக இருந்தது. வெயில் கூசுகிறது என்று நினைத்தேன்.

இந்த ஜூலையில், நல்ல கோடையில், தூக்கத்திலேயே உன் இதயம் நின்றுபோனது. உன் அண்ணன் தஞ்சோங் பூங்கா கடலில் அஸ்தியைக் கரைத்துத் திரும்பும்போது, எல்சா காரில் சொன்னதெல்லாம் எனக்குப் புதிது. குளிர்காலத்தில் அங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடுமாம். குளிக்க, சமைக்க, படுக்கையை விட்டு எழக்கூட உன்னால் முடியாதாம். காரணமில்லாமல் அழுவாயாம். வருஷா வருஷம் இதே கதையாம். டாக்டர் மாத்திரை கொடுத்து, தினமும் காலையில் இந்த விளக்கின் முன் உட்காரச் சொன்னாராம். நீ எல்சாவிடம் சாவியைக் கொடுத்து, "நான் கதவத் திறக்கலன்னா நீயே திறந்து வந்துடு" என்றாயாம். அவள் வந்து உன்னை எழுப்பி உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்து, மத்தியானம் கோட்டை மாட்டிவிட்டு ஆற்றோரமாக நடக்கக் கூட்டிப் போவாளாம்.

சின்ன வயதிலிருந்து கூடவே இருந்த எனக்கு உன் சிரிப்பு மட்டும். நேற்று வந்தவளுக்கு உன் வீட்டுச் சாவி.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாளா?" என்று கேட்டேன்.

என் போன் அடிக்கும்போது எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாயாம். ஏன் என்று எல்சா கேட்டதற்கு, "இவகிட்ட மட்டும்தான் நான் இன்னும் நல்லா இருக்கேன். அது அப்படியே இருக்கட்டும்" என்றாயாம்.

ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நல்லா இல்லாத உன்னையும் எனக்குக் கொடுத்திருக்கலாமேடி. நான் என்ன, ஓடியா போயிருப்பேன்?

இப்போது அங்கே டிசம்பர். நீ இல்லாமல் தனியாக நடக்க எல்சாவுக்கு மனம் வருவதில்லை. அவளுடைய மத்தியானத்தில், என் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், போன் போட்டு வெளியே கிளப்புகிறேன். நடந்துகொண்டே உன்னைப் பற்றிப் பேசுவாள். தினமும் காலையில் திரையை விலக்கி, விடியாத வானத்தைப் பார்த்து நீ ஒரு தமிழ் வார்த்தை சொல்வாயாம்.

"சனியனே. அது உங்க சாமி பேரா?" என்று நேற்றுக் கேட்டாள்.

சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அடுத்த நிமிஷமே, அதைக் கேட்க நான் அங்கே இல்லையே என்று பொறாமை பொங்கியது.

"இன்னும் சொல்லு" என்றேன்.