அப்பா நிமிர்ந்து நடந்த எட்டு வருஷம்

என் அப்பாவுக்கு,

திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன். உனக்குச் செய்த அதே ஆபரேஷன்தான். கீழ்முதுகில் நரம்பு போகும் பாதை சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரி சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் பத்து நாளாக இழுத்தடிக்கிறேன். காரணம் நீதான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நாட்கள் நினைவிருக்கிறதா? எலவனாசூர்கோட்டைக் கடைத்தெருவுக்கு நடப்பதற்குள் நாலு இடத்தில் உட்காருவாய். ஆனால் கேரியரில் புல்லுக்கட்டை வைத்து, ஹேண்டில்பார்மேல் குனிந்தபடி சைக்கிளை இரண்டு மைல் தள்ளி வருவாய். சித்தப்பா விடுவாரா?

"இன்னாண்ணா, சைக்கிளத் தள்ளினா வராத வலி, கைய வீசினு நடந்தா மட்டும் வந்துடுதா? நடிப்பு ஜாஸ்தி!"

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நானும் சேர்ந்து சிரித்தேன். குனிந்தால் நரம்புக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்ன பிறகுதான் வாயை மூடினேன். சித்தப்பா கடைசிவரை ஒரு வார்த்தைகூட வருந்திச் சொல்லவில்லை. அவர் சாவுக்கு நான் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மறியல் செய்தவர்களே உன்னைத் தூக்கி மறுபக்கம் விட்டார்கள்.

"மறியல் வண்டிங்களுக்குத்தான் பெரியப்பா, உங்களுக்கு இல்ல. கையக் குடுங்க."

"வர்றப்ப நானே தாண்டிக் காட்டறன், பாத்துக்கினே இருங்கடா!"

அப்படித்தான் நடந்தாய். ஒருநாள் காலை வெள்ளிமலை மேட்டில் கோல் இல்லாமல் எனக்கு முன்னால் ஏறினாய். "இன்னாடா, படிச்சவன் மூச்சு வாங்கற?" என்றாய். அந்தக் காலை வெயில் இன்னும் என் முதுகில் இருக்கிறது.

பிறகு கால் மறுபடி மரத்தது. வருஷங்கள் போனால் சிலருக்கு இப்படி ஆகலாம், மரத்ததும் உடனே வாருங்கள் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். நீ இரண்டு வருஷம் மறைத்தாய். கண்டுபிடித்துக் கேட்டபோது, "ஆபரேஷன் வீணுன்னு ஒஞ் சித்தப்பன் சிரிப்பான்டா" என்றாய். அதற்குள் நரம்பு கெட்டுப்போயிருந்தது.

கத்தி வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று இத்தனை காலம் ஊரெல்லாம் சொல்லிவந்தேன். கெடுத்தது கத்தியா? எங்கள் சிரிப்பா?

நேற்று என் மகள் கேட்டாள். "தாத்தா எத்தினி வருஷம் நல்லா நடந்தாரு?"

"எட்டு."

"அத்த ஏம்ப்பா ஒரு வாட்டிகூட சொல்லல?"

நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு எத்தனை வருஷமோ, தெரியாது. கால் மறுபடி மரத்தால் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

நீ என்னிடம் மறைத்ததை மட்டும் இன்னும் மன்னிக்காத,
உன் மூத்த மகன்