வளைந்த கம்பி

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் எப்போதும் போலத் தனிக்கட்சி. நீயும் சுகம் என்று நினைத்துக்கொள்ளத்தான் ஆசை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுத அழுகை இன்னும் காதை விட்டுப் போகவில்லை. செய்முறைத் தேர்வில் ஃபெயில், படிப்பை விட்டுவிட்டு மூட்டை கட்டி வந்துவிடுகிறேன் என்றாய். உன் அப்பாவும் "வரட்டுமே, பிள்ளை எதுக்குக் கஷ்டப்படணும்" என்கிறார். போனில் பேசினால் பாதியில் மூக்கை உறிஞ்ச ஆரம்பிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

என்ன தப்பு செய்தாய் என்று துருவித் துருவிக் கேட்டேன் அல்லவா. காற்றழுத்தத்தில் ஓடும் மெஷினின் சுவிட்சை அணைத்துவிட்டு, உள்ளே அடைபட்ட காற்றைத் திறந்து விடாமல் குழாயைக் கழற்றப் போனேன், வாத்தியார் நிறுத்திப் பூஜ்யம் போட்டுவிட்டார் என்றாய். கரண்ட் போனாலும் அழுத்தம் போகாதும்மா என்று விக்கலுக்கு நடுவே நீ சொன்னது மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. பதினோரு வருஷமாக அட்டைப்பெட்டி கம்பெனியில் காற்றில் ஓடும் மெஷின் பக்கத்திலேயே நிற்கிறேன், எனக்கு இது தெரியாது பார்.

புதன்கிழமை அந்த மெஷினில் ஒரு அட்டை கோணலாகச் சிக்கி, அழுத்துகிற பலகை பாதியில் நின்றுவிட்டது. எங்கள் ஃபிட்டர், அதான் நீ சின்ன வயதில் மீசை மாமா என்பாயே, அவர் சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே கையை விடப் போனார். எங்கள் இடத்தில் எல்லோரும் அப்படித்தான், விளக்கு அணைந்தால் மெஷின் தூங்கிவிட்டது என்று நினைப்பு. எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தொண்டை வந்ததோ, "அண்ணே, கையை எடுங்க! உள்ள காத்து இருக்கு!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "தங்கச்சி எப்போ இன்ஜினியர் ஆச்சு" என்று அவரும் சிரித்தார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டு, ஒரு இரும்புக் கம்பியால் அட்டையை நெம்பினார். அட்டை விடுபட்டதுதான் தாமதம், பலகை டமால் என்று இறங்கியது. கம்பி வளைந்துபோனது. சிரிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. மாமா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உனக்கு யார் சொன்னது என்று முதலாளி கேட்டார், "என் பொண்ணு சொன்னா" என்றேன். அப்போது எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, அடியம்மா, நீ முதல் மார்க் வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வந்திருக்காது.

இப்போது காற்றைத் திறந்து விட்ட பிறகுதான் யாரும் மெஷினில் கை வைக்கிறார்கள். எண்ணெயில் ஓடும் பெரிய மெஷினிலும் இப்படி அழுத்தம் தங்குமா என்று மாமா உன்னிடம் கேட்கச் சொன்னார். அடுத்த மாதம் மறுதேர்வு என்றாயே, அதை எழுதிவிட்டு அவருக்குப் பதில் சொல். அதற்குப் பிறகும் வரத் தோன்றினால் வா, இது உன் வீடு.

வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருப்பாய், எனக்குத் தெரியும். கூட வரும் பார்சலில் உன் ஸ்வெட்டருக்குள் சுற்றி அந்தக் கம்பியை வைத்திருக்கிறேன். மாமாதான் கொடுத்தார். "இது என் கைன்னு சொல்லு, பத்திரமா வச்சுக்கட்டும்" என்றார்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா