நான்காவது கட்டிங்

திருப்பூர்
20.1.2025, திங்கள்

என் கண்ணு கவிப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நல்லபடியாக இருக்கிறேன். பொங்கல் லீவு முடிந்து நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீடுதான் வெறிச்சென்று கிடக்கிறது. நேற்று ரசம் வைத்தேன், புளி ஏறிவிட்டது. நீ இருந்திருந்தால் கிண்டல் பண்ணியே ஊரைக் கூட்டியிருப்பாய்.

பக்கத்து வீட்டு மதுமதி உங்கள் காலேஜ் பஸ் ஏறுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். உள்ளே ஐந்து துணித்துண்டு பின் அடித்திருக்கிறேன். மேலே இருப்பது சட்டை ஆர்டர் கொடுத்த பையரின் ஒரிஜினல், ஆலிவ் பச்சை என்கிறான். கீழே ஒன்று முதல் நான்கு வரை நம்பர் போட்டவை நம் டையிங்கில் சாயம் ஏறி வந்த நான்கு லாட் துணியில் வெட்டிய கட்டிங். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் வைத்துப் பார். ஒரிஜினலோடு எது சேரவில்லை என்று எழுதி, சாயங்காலம் மதுமதியிடமே கொடுத்தனுப்பு. போனில் படம் பிடித்தால் கலர் மாறிவிடும், உனக்கும் ஞாயிற்றுக்கிழமை தவிர போன் தரமாட்டார்கள். துண்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம், என்னிடம் வேறு இருக்கிறது.

அம்மா போய் ஆறு மாதம் ஆகிறது. அவள் இருந்தவரை இதெல்லாம் ஒரு பாரமாகவே தெரியவில்லை. எனக்குக் கண்ணாடிப் பவர் ஏறிக்கொண்டே போகிறது. இந்த ஆறு மாதமாக வந்த நீலமும் சாம்பலும் அனுப்பினேனே, எவ்வளவு சரியாகச் சொன்னாய்! ஷேடு செக்கருக்குக் கண் மங்குகிறது என்று தெரிந்தால் முதலாளி மறுநாளே வேறு ஆள் போட்டுவிடுவார். யாரிடமும் மூச்சு விடாதே, சாமி.

அன்பு அப்பா,
தண்டாயுதபாணி


ஹாஸ்டல்
20.1.2025

அப்பாவுக்கு,

கவி எழுதுகிறேன். ரசத்துக்குப் புளியை எலுமிச்சை அளவு போடுங்கள் என்றேன், நீங்கள் தேங்காய் அளவு போட்டிருப்பீர்கள். இங்கே ரசம் என்ற பெயரில் சுடுதண்ணீர்தான் ஊற்றுகிறார்கள். உங்களுடையதே மேல்.

நான்கும் ஒரிஜினல் மாதிரியே இருக்கின்றன. நான்காவது மட்டும் ஒரு பொடி வெளுப்போ என்று நினைத்தேன், திருப்பித் திருப்பிப் பார்த்ததில் அதுவும் சரியாகத்தான் பட்டது. தைரியமாக ஓகே போடுங்கள்.

ஒரு கூத்து கேளுங்கள். இந்த செமஸ்டரில் பிகாம் பிள்ளைகளும் வேறு துறையில் ஒரு பேப்பர் எடுத்தே ஆக வேண்டும். நான் தமிழ் கேட்டேன், இடம் நிறைந்துவிட்டதாம். 'அன்றாட வாழ்வில் உயிரியல்' என்ற வகுப்பில் தள்ளிவிட்டார்கள். பத்தாவதோடு தலைமுழுகினேன் என்று இருந்தேன், விடாமல் வந்துவிட்டது. பிரிசில்லா மேடம் நல்ல மாதிரிதான். வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள், செங்கல் அடுக்கினாற்போல் இருந்தது. கரப்பான்பூச்சியை அறுக்கச் சொல்வார்கள் என்று என் ரூமில் இருக்கிற ஜோதிகா பயமுறுத்துகிறாள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்துவிடும், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
கவி


திருப்பூர்
10.2.2025, திங்கள்

கண்ணு கவிக்கு,

அப்பா. மூன்று வாரமாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மனசு சரியில்லை.

அந்த ஆலிவ் பச்சை ஒவ்வொரு லாட்டும் தனித்தனி இடத்தில் தைத்து முடிந்து பேக்கிங் வரை போய்விட்டது. அங்கே பெட்டியைப் பிரித்த பையரின் இன்ஸ்பெக்டர் கத்திவிட்டான். ஒரே பெட்டிக்குள் பச்சைச் சட்டையும் பழுப்புச் சட்டையும் கலந்து கிடக்கிறது என்கிறார்கள். நான்காவது லாட் முழுக்கப் பழுப்பாம். மொத்த ஆர்டரும் திரும்பிவிட்டது. தண்ணீர் மாறினாலே ஷேடு மாறும், அதைப் பிடிக்கத்தானே செக்கர்.

சனிக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "எங்கிட்ட வந்த கட்டிங் நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் சொன்னேன் கவி. அதற்குமேல் அவராகவே முடிவு பண்ணிவிட்டார், மிஷின் ஓட்டுகிற வேல்குமார்தான் நல்ல துண்டை என்னிடம் காட்டிவிட்டு, கெட்டுப்போன லாட்டை மறைத்துத் தள்ளிவிட்டான் என்று. அந்தப் பையன் முருகன்மேல் சத்தியம் பண்ணினான். கேட்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தி, மற்ற டையிங்காரர்களுக்கும் அவன் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

இன்று காலை நான் போகும்போது கேட் பக்கம் நின்றுகொண்டிருந்தான். திட்டவில்லை. "வணக்கங்கண்ணா" என்று மட்டும் சொன்னான். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

உன்னிடம் இருக்கிற அந்தத் துண்டுகளை எரித்துவிடு. யார் கேட்டாலும் உனக்கு ஒன்றும் தெரியாது.

அப்பா


ஹாஸ்டல்
13.2.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நான்கும் ஒன்றுதான் என்று எழுதியது நான்தானே? பழுப்பு எப்படி எனக்குப் பச்சையாகத் தெரிந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

இன்று உயிரியல் வகுப்பில் மேடம் ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தார்கள். புள்ளி புள்ளியாக வண்ண வட்டம், அதற்குள் ஒரு எண். எல்லாரும் எழுபத்துநான்கு என்றார்கள். எனக்கு இருபத்தொன்று தெரிந்தது. நான் விளையாடுகிறேன் என்று சிரித்தார்கள். அடுத்த படத்தில் எனக்கு எண்ணே தெரியவில்லை. மேடம் முகம் மாறிவிட்டது. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதாம் அப்பா. பிறவியிலேயே. நீலம் நன்றாகத் தெரியுமாம்.

"பொண்ணுங்களுக்கு இது வர்றது ரொம்ப அபூர்வம்" என்று போர்டில் வரைந்து காட்டினார்கள். பெண்ணுக்கு எக்ஸ் என்ற குரோமோசோம் இரண்டு இருக்கும், ஒன்று அம்மா கொடுப்பது, ஒன்று அப்பா கொடுப்பது. இரண்டிலும் குறை இருந்தால்தான் பெண்ணுக்கு வரும். அம்மாவிடம் இன்னொன்று நல்லதாக இருந்தால் அவருக்குக் கலர் தெரியும். அப்பாவிடம் இருப்பதே ஒன்றுதான். அதனால் மகளுக்கு இருந்தால் அப்பாவுக்கு இருந்தே தீருமாம்.

உடனே ஜோதிகா, "மேடம், இவங்கப்பா டையிங்ல ஷேடு பாக்கறவருங்க. இருபத்தி ரெண்டு வருசமா" என்று சொல்லிவிட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மேடம் அவசர அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினார்கள். அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். என்ன நினைத்துப் பார்த்தார்கள் என்று எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. உங்களுக்குக் கலர் தெரியுமா, தெரியாதா? ஒரு வரி எழுதினால் போதும்.

கவி


திருப்பூர்
14.2.2025

கவிக்கு,

எனக்கு எல்லாக் கலரும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் சும்மாவா இருக்கிறேன்? காலேஜில் ஆயிரம் சொல்வார்கள், எல்லாருக்கும் அது பொருந்தாது. உன் வேலை பிகாம் படிப்பது. அந்த வகுப்பை விட முடியுமா என்று கேள்.

வேல்குமார் இன்றும் கேட்டில் நின்றான். அவன் பொண்டாட்டி சித்ராதேவியும் கூட நின்றாள். நான் பின்பக்கச் சந்து வழியாக உள்ளே போனேன்.

இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

அப்பா


ஹாஸ்டல்
17.2.2025

அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியதைக் கிழிக்கவில்லை. நான்காவது துண்டையும் எரிக்கவில்லை. இன்று காலை அதையும் ஒரிஜினலையும் எடுத்துக்கொண்டு போய் பிரிசில்லா மேடத்திடம் நீட்டினேன். எதற்கு என்று சொல்லவில்லை. பார்த்த உடனேயே, "இது பச்சைம்மா, இது பழுப்பு. இதுல என்ன சந்தேகம்?" என்றார்கள். என் கண்ணுக்கு இப்போதும் அவை ஒன்றாகவே இருக்கின்றன. அப்படியென்றால் உங்களிடம் வந்த கட்டிங்கே பழுப்புதான். வேல்குமார் அண்ணன் எதையும் மாற்றிக் காட்டவில்லை. அவர் கொடுத்ததை நான்தான் சரி என்றேன், நீங்கள் ஓகே போட்டீர்கள்.

உங்களுக்கு எல்லாக் கலரும் தெரியும் என்று எழுதிவிட்டீர்கள். அதை எழுதும்போது அம்மாவை நினைத்தீர்களா? உங்களுக்குத் தெரியும் என்றால் நான் உங்களுக்குப் பிறக்கவில்லை என்றுதான் அர்த்தம். நான் சொல்லவில்லை, அந்தப் போர்டு சொல்கிறது. மெஸ்ஸில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. எங்கள் அம்மா அப்படிப்பட்டவர் இல்லை என்று நான் யாரிடம் போய்க் கத்துவது? கேட்டால்தானே பதில் சொல்ல முடியும். ஒருத்தியும் கேட்கமாட்டேன் என்கிறாள்.

நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று தெரியும். வேலை போய்விடும், என் படிப்பு நின்றுவிடும். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் பொய் சொல்லச் சொல்ல அங்கே வேல்குமார் அண்ணன் திருடனாகிறார், இங்கே அம்மா கெட்டவளாகிறாள். செத்துப்போனவள் வந்து பதில் சொல்வாளா?

உங்கள் பதில் வராவிட்டால் இந்த ஞாயிறு நானே வந்து முதலாளியைப் பார்ப்பேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

கவி


திருப்பூர்
19.2.2025, புதன்

என் சாமி கவிப்பிரியாவுக்கு,

நீ ஞாயிற்றுக்கிழமை அதற்காக வர வேண்டாம். நான் போய்விட்டு வந்துவிட்டேன்.

எனக்குப் பச்சை தெரியாது, சிவப்பு தெரியாது. கல்யாணமான புதிதில் அம்மாவுக்குப் பச்சைச் சேலை என்று நினைத்து மண் நிறத்தில் ஒன்று வாங்கி வந்தேன். அவள் சிரிக்கவில்லை. "யாருகிட்டயும் சொல்லீராதீங்க, நான் பாத்துக்கறனுங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு ஷேடு ரூம் வேலை கிடைத்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. தினமும் மத்தியானம் சோறு கொண்டு வருவாள். நான் சாப்பிடும்போது மேசைமேல் இருக்கிற கட்டிங்கை எல்லாம் பார்த்து, சேராததைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுப் போவாள். காய்ச்சலிலும் வந்தாள். உன்னை வயிற்றில் சுமந்துகொண்டும் வந்தாள். அவளுக்கு உடம்பு முடியாமல் போன கடைசி நாட்களில்கூட, ஆஸ்பத்திரிக் கட்டிலில் துண்டுகளைப் பரப்பிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

இன்று காலை உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முன்பக்க கேட்டுக்கே போனேன். வேல்குமார் நின்றான். "எங்கூட உள்ள வா கண்ணு" என்றேன். வரத் தயங்கினான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். முதலாளி ரூம் படியில் ஒருதடவை உட்கார்ந்துவிட்டேன். எழுந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் அனுப்பியதை மட்டும் சொல்லவில்லை. நீ உன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னாய். பார்க்க வேண்டியவன் நான்.

முதலாளி நம்பவில்லை. மேசைமேல் இருந்த இரண்டு துண்டை எடுத்து நீட்டி, "இது என்னங்க, இது என்னங்க?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் துண்டுகளைத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

"அப்ப இருபத்தி ரெண்டு வருசமா எங்க டையிங்குக்கு ஷேடு பாத்தது யாருங்க?" என்றார்.

"எங்கூட்டுக்காரிங்க. நல்லம்மாளுங்க" என்றேன்.

அந்தப் பெயரை அந்த ரூமில் நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை கவி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேல்குமாரை நாளையிலிருந்து வரச் சொல்லிவிட்டார். என்னை வர வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் வேல்குமார் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அடிப்பான் என்றே நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். "பத்து நாளா எம் பொண்டாட்டியே என்னையத் திருடனாட்டப் பாத்தாங்கண்ணா" என்றான். பிறகு விட்டுவிட்டான். திரும்பிப் பார்க்காமல் போனான். மன்னிப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாளை பொங்கலூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் ஆள் கேட்கிறார்களாம், போய்ப் பார்க்கிறேன். உன் படிப்பு நிற்காது. எப்படி என்று கேட்காதே, எனக்கே இன்னும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

நீ அந்த உயிரியல் வகுப்பை விட்டுவிடாதே, போன தடவை நான் எழுதியது தப்பு. அடுத்த வகுப்பில் மேடத்திடம் கேட்டுக்கொண்டு, அறுபது பேர் முன்னாலும் எழுந்து நில். இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படி. அம்மா பெயர் வருகிற இடத்தில் நிறுத்திப் படி.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா,
தண்டாயுதபாணி