அலமாரிக்குப் பின்னால் இருந்த ஒயர்

செவ்வாய், இரவு. மழை விட்டிருக்கிறது.

நாளைக் காலை மகள் மீராவுக்கு வீடியோவில் வேலை இன்டர்வியூ. நெட் கீழே அண்ணன் வீட்டில்தான் இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியின் இந்தத் தடித்த பழஞ்சுவர்களைத் தாண்டி அது மாடிக்கு வருவதில்லை. அண்ணனிடம் போய்க் கேட்டது மீரா, நான் இல்லை. தருகிறேன், ஆனால் புது ஒயருக்காகச் சுவரைத் துளைக்கக் கூடாது என்றாராம்.

மத்தியானம் வந்த டெக்னீஷியன், கரண்ட் லைன் வழியாகவே நெட்டைக் கடத்தும் பெட்டிகளைக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகச் செருகினார். மேலே இருந்த பெட்டியில் விளக்கு எரியவில்லை.

"சேச்சி, மேலே வேற மீட்டரா? அப்போ இது கிட்டாது."

வேறுதான். வீட்டைப் பாகம் பிரித்தபோது அடம்பிடித்துத் தனி மீட்டர் வாங்கியவள் நான்.

அப்போது அண்ணன் படியேறி வந்தார், ஆறு வருடத்தில் முதல் முறையாக. அலமாரியை நகர்த்தச் சொன்னார். பின்னால், ஒரே கனெக்‌ஷனில் இரண்டு மாடியிலும் டிவி பார்த்த காலத்துக் கேபிள்.

"இது வழியாப் போகுமா மோனே?" என்று டெக்னீஷியனிடம் கேட்டார்.

"பின்னே! இதுக்கு வேற பெட்டி இருக்கு."

மாற்றிச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது.

"பாகம் பிரிச்ச அன்னைக்கே இதை வெட்டச் சொன்னேனே," என்றேன் அண்ணனிடம்.

"சொன்னே. நான் வெட்டல."

இறங்கிப் போய்விட்டார்.

மீரா தூங்குகிறாள். இருட்டில் அந்தப் பச்சை விளக்கு மூச்சுவிடுவதுபோல் மினுங்குகிறது. நாளை அவள் பேசுவதெல்லாம் சுவருக்குள்ளேயே இறங்கி, அண்ணன் வீட்டைக் கடந்து எங்கோ போகும். கண் சொருகுகிறது. சாயா குடிக்கிறீங்களா என்றுகூட நான் அவரைக் கேட்கவில்லை.